மூன்று மாதக் காய்ச்சல்

மகனே,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. கோந்து இல்லாமல் இல்லை, மேசையில் போத்தல் நிறைய இருக்கிறது. உன் அம்மா வாசிக்கட்டும், தங்கச்சிகள் இருவரும் வாசிக்கட்டும், இதை மாத்தளையிலிருந்து கொழும்புக்குக் கொண்டு வருகிற உன் சிநேகிதனுக்கு பஸ்ஸில் பொழுது போகாவிட்டால் அவனும் எடுத்து வாசிக்கட்டும். ஊரறிய உன் பெயரில் விழுந்த கறையை மூடின கவருக்குள் வைத்துத் துடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் டீமேக்கராக, கொழுந்தைத் தேயிலையாக்குகிற பொறுப்பில் இருந்தவன், தேயிலை பெக்டரி இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏழு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அம்மாவும் கல்யாண விஷயம் பேச கலேவெலைக்குப் போனோம் அல்லவா? எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று உனக்கு எழுதியிருந்தேன். அது பொய். உன் வருங்கால மாமனார் போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வையால் மனுஷனையும் பார்க்கிறார். நான் இரண்டாவது முறுக்கை எடுக்கும்போது கேட்டார்: "மாப்பிள்ளையோட படிச்ச புள்ளைங்க எல்லாம் முந்தியே பாஸாகி வேலைக்குப் போயிட்டாங்களாமே, இவருக்கு மட்டும் ஏன் சுணங்கிச்சு?" எனக்கு முறுக்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. "காய்ச்சல்" என்றேன். "எத்தனை நாளுங்க?" என்றார். "மூணு மாசம்" என்றேன். வாயில் வந்துவிட்டது, என்ன செய்ய?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கல்யாணப் பேச்சே இல்லை. மூன்று மாதம் அடித்தது என்ன காய்ச்சல், மலேரியாவா, முடி கொட்டியதா, இப்போது படியேறினால் மூச்சு வாங்குமா என்று உன் மாமியார் கண்கலங்கிக் கேட்கக் கேட்க, நானும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொல்லிக்கொண்டே போனேன். நாங்கள் எழும்பி வரும்போது நாவுலயில் இருக்கிற ஒரு நாட்டு வைத்தியரின் விலாசம் என் சட்டைப் பையில் இருந்தது. அடுத்த சந்திப்பில் மாப்பிள்ளைக்கு ஒரு டொக்டர் சர்டிபிகேட் காட்டினால் மனசுக்கு நிம்மதி என்று போஸ்ட் மாஸ்டர் வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னார். பஸ் நாவுல தாண்டியது. உன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "ஒங்க கௌரவத்துக்காக அந்தப் புள்ள ஒருவாட்டி பேர் கெட்டது போதாதா? இப்ப நோயாளியும் ஆக்கியாச்சு."

உனக்குக் காய்ச்சல் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். என்ன வந்தது என்பது எனக்கும் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

மற்றத் தோட்டங்களில் டீமேக்கர்மார் ஞாயிற்றுக்கிழமையில் சீட்டு விளையாடுவார்கள். எனக்கு ஒரே பொழுதுபோக்கு, யட்டவத்தப் பாதையில் இருந்த மெஷின் கம்பனிக்குக் காரசாரமாக இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதுவது. எங்கள் பெக்டரியின் ரோலர்கள், அதாவது வாடின கொழுந்தை உருட்டிப் பிழிகிற மெஷின்கள், அவர்கள் செய்தவை. போல்ட் தளர்ந்தால் ஒரு கடிதம், சத்தம் வந்தால் ஒரு கடிதம், சத்தம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு கடிதம். அவர்கள் நெல் விவசாயிகளுக்குச் சூடடித்து நெல்மணியைப் பிரிக்கிற மெஷினும் செய்துவந்தார்கள். "நெல்லுக்குச் செய்ததைத் தவறுதலாகத் தேயிலைக்கு அனுப்பிவிட்டீர்களோ" என்று ஒருமுறை எழுதினேன். அந்த வரியை நினைத்து இரண்டு நாள் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் முடித்த நீ, ஆறு மாதம் ஒரு மெஷின் கம்பனியில் டிரெய்னிங் எடுக்க வேண்டும், அந்த ரிப்போர்ட் நன்றாக இருந்தால்தான் அடுத்த வருஷத்துக்குப் போகலாம் என்று வந்து நின்றாய். எந்தக் கம்பனி என்றேன். சொன்னாய். யட்டவத்தப் பாதைக் கம்பனியேதான். ஆனாலும் அப்பன் அல்லவா, புத்தி சொல்லித்தான் அனுப்பினேன்: "நல்லா வேலை பழகு. பெரியவங்களுக்கு மரியாதை குடு. எந்தத் தோட்டம்னு கேட்டா மட்டும் காது கேக்காத மாதிரி இரு." உன் பெயருக்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்து விறைப்பாக நிற்கிறது என்பதையும், கடிதத்தின் கீழே நான் போடுகிற கையெழுத்தும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது என்பதையும் நான் யோசிக்கவில்லை. பாரத்தில் வீட்டு விலாசமும் இருந்ததே, பத்து நிமிஷத்தில் பிடிபட்டாய். மனேஜர் அலுமாரியைத் திறந்து என் கடிதங்கள் இருந்த பைலை எடுத்து மேசையில் வைத்து, "இவரா உங்கள் தகப்பனார்?" என்று கேட்டாராம். அந்த பைலை ஒரு கையால் தூக்க முடியாது என்று நீ அம்மாவிடம் சொன்னாய். தேநீர் நேரத்தில் லேத் மெஷினில் நிற்கும் மூத்த தொழிலாளி காசிம் பாஸ் அந்தக் கடிதங்களை உரக்க வாசிப்பாராம், எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்களாம். என் இங்கிலீஷை ரசிக்கிறார்கள் என்று நினைத்து எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

உன் அம்மாவும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. உன் நீல ஓவரோலுக்குக் கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து அனுப்பினாள். முழங்கால் மடங்காமல் முதல் நாள் முழுக்க நீ நின்றுகொண்டே இருந்ததால் சுறுசுறுப்பான பையன் என்று பெயர் எடுத்தாய். கல்யாணத்துக்குப் பிறகு உன் சட்டைக்கு யார் கஞ்சி போடுவது என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு வரும். அப்போது நீ எந்தப் பக்கமும் சாயாமல் கசங்கின சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விடு, வீடு அமைதியாக இருக்கும்.

மூன்றாம் மாதம் எங்கள் ரோலரின் ஒரு கைக்குப் புது புஷ் தேவைப்பட்டது. போஸ்ட் மாஸ்டர் வீட்டாருக்குப் புரிவதற்காக எழுதுகிறேன்: புஷ் என்பது சுழலுகிற இரும்பைத் தாங்குவதற்கு உள்ளே போடுகிற பித்தளை வளையம். அதில் ஒரு சின்னத் துளை இருக்கும். மேலே இருக்கும் கிண்ணத்திலிருந்து எண்ணெய் அந்தத் துளை வழியாக இறங்கினால்தான் மெஷின் சூடாகாமல் ஓடும். அந்த புஷ்ஷை லேத்தில் கடைந்தது நீ. நீயே முதன்முதலாகத் தனியாகச் செய்த சாமான். அதை என்னிடம் சொல்லாமல் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். "ஒரு மாசம் அப்பா திட்டாம ஓடட்டும்மா, அப்புறம் சொல்லலாம்" என்றாயாம். அந்த ஒரு மாதம் உனக்குக் கிடைக்கவில்லை.

புஷ் வந்தது வெள்ளிக்கிழமை. எங்கள் பெக்டரியில் புதுச் சாமான் எது வந்தாலும் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, சந்தனம் குங்குமம் தொட்டு, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் மெஷினில் பூட்டுவோம். அதை வேறு யாரும் செய்ய நான் விடமாட்டேன். அன்றைக்கும் நானே பூஜை செய்து, நானே பூட்டினேன். ரோலர் அழகாக ஓடியது. சனிக்கிழமை பார்த்தேன், கிண்ணத்தில் ஊற்றின எண்ணெய் ஊற்றின அளவிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. அன்று நீ வீட்டில் இருந்தாய். சாப்பாட்டில் உட்கார்ந்து நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "இப்பத்தான் அவனுங்க ஒழுங்கா ஒரு சாமான் செஞ்சிருக்கானுங்க. எண்ணெயே குடிக்கிறதில்ல. சிக்கனமான புஷ்." நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். கறி நன்றாக இருக்கிறது போல என்று நான் நினைத்தேன்.

புதன்கிழமை, கொழுந்து மலையாகக் குவிந்து கிடக்கிற நேரத்தில், ரோலர் ஒரு கதறு கதறி நின்றது. புஷ் வெந்து இரும்போடு ஒட்டிவிட்டது. வாட்டப் போட்டுக் கிடந்த கொழுந்தெல்லாம் புளித்துப்போய், லொறியில் ஏற்றிக் குழியில் கொட்டினோம். தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை வந்து பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் தைரியமாக இருந்திருப்பேன். "டீமேக்கர், கம்பனி பிழைன்னா கம்பனிய புடிக்கிறேன். ஒன் பிழைன்னா நீ பெட்டி கட்டு" என்று மட்டும் சொன்னார். பெட்டி கட்டுவது என்றால் வேலையோடு போகாது, தோட்டம் தந்த வீடும் போகும். உன் தங்கச்சிகள் அப்போது பள்ளிக்கூடத்தில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். உன்னை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுத வைத்தேன். என் வாழ்நாளில் எழுதிய கடிதங்களிலேயே மோசமானது அதுதான். இந்த புஷ்ஷைச் செய்தவன் குடை திருத்தவும் லாயக்கில்லாதவன், அவனை ஆடு மேய்க்க அனுப்பினால் ஆடுகள் பாவம் என்றெல்லாம் சொன்னேன். நீ பேனாவை வைத்துவிட்டு, "அப்பா, செஞ்சவன் புதுசா பழகுறவனா இருந்தா?" என்று கேட்டாய். "பழகுறவன்னா இன்னும் ரெண்டு வரி சேத்துப் போடு" என்றேன். நீ சேர்த்துப் போட்டாய். நான் சொன்ன ஒரு சொல் அவ்வளவு கடுமையாக இல்லை என்று அதைவிடச் சுடுகிற ஒரு சொல்லைத் தேடிப் போட்டும் தந்தாய். வெந்துபோன புஷ்ஷை ஒரு சாக்குத் துண்டில் சுற்றி உன் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். உள்ளே குசினியில் உன் அம்மா ஒரு சட்டியைப் போட்டு உடைத்தாள். கை தவறிவிட்டது என்றாள்.

செவ்வாய்க்கிழமை நீ புது புஷ்ஷோடு வந்தாய். தட்டை எடுக்கப் போனேன். "பூஜை வேணாம்ப்பா, அவசரம்" என்று சொல்லி, என்னைக் கிட்டேயும் விடாமல் நீயே பூட்டினாய். படித்தவனுக்குச் சாமி பயம் இல்லை என்று பெக்டரி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்த வார முடிவில் கம்பனியின் பதில் வந்தது. பெரிய தொரை என்னை ஒபிஸுக்குக் கூப்பிட்டு, நிற்க வைத்து, தானே வாசித்தார். புஷ்ஷின் எண்ணெய்த் துளையை டிரெய்னிங்கில் இருக்கும் மாணவர் சரியாகத் துளைக்கவில்லை, பிழை அவருடையது, அவரே ஒப்புக்கொண்டு கையொப்பம் இட்டிருக்கிறார் என்று இருந்தது. கீழே உன் பெயர். தொரை காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னா டீமேக்கர், இது ஒன் மகன்தானே?" என்றார். "ஆமாங்க தொரை" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கிளார்க்மார் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்பன் திட்டின ஆள் அவன் பெற்ற பிள்ளை என்கிற கதை தொரைமார் கிளப்வரை போய், பக்கத்துத் தோட்டமெல்லாம் சுற்றி வந்தது. என் வேலை தப்பியது. ஆறு மாத முடிவில் உன் ரிப்போர்ட்டில் திருப்தி இல்லை என்று எழுதினார்கள். மூன்று மாதம் கூட நின்று பழக வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொன்னது. உன்னோடு படித்த செட் அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டது, நீ பின்னால் நின்றாய்.

கம்பனியின் பதில் வந்த வாரம், அந்தச் சனிக்கிழமை நான் செய்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. உன்னை எதிரில் நிற்க வைத்து ஒரு மணி நேரம் புத்தி சொன்னேன். வேலையில் கவனம் வேண்டும், துளை என்பது சின்ன விஷயம் இல்லை, என்னைப் பார், இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு மெஷின் கெட்டிருக்கிறதா என்று கேட்டேன். நீ "இல்லப்பா" என்றாய்.

கூடுதல் மூன்று மாதத்தில் உனக்கு ஒரு மாதம் முடிந்தபோது ஆயுத பூஜை வந்தது. அடுத்த ரோலருக்கு என்று வாங்கி வைத்திருந்த இன்னொரு புஷ்ஷைத் தட்டில் வைத்தார்கள். நான் சந்தனத்தைக் குழைத்து விரலில் எடுத்தேன். விரல் தானாகவே போய் அந்த எண்ணெய்த் துளைக்கு மேலே நின்றது. வட்டமாக, சின்னதாக, நடு நெற்றி மாதிரி, பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம். போன தடவையும் என் விரல் அங்கேதான் போயிருந்தது. அழகாக இருக்கட்டும் என்று நல்ல கெட்டியாக அப்பி, அதற்கு மேலே குங்குமமும் வைத்து அழுத்தியிருந்தேன். எண்ணெய் ஏன் குறையவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிக்கனமான புஷ்ஷாம். விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து ஆட்கள், "என்னாங்கய்யா?" என்றார்கள். ஒன்றுமில்லை என்று அந்தச் சந்தனத்தை என் நெற்றியிலேயே பூசிக்கொண்டேன்.

அன்றைக்கு உன் மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது, மகனே. பஸ் ஏறிப் போய் மனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பெயர் சுத்தமாகியிருக்கும். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "போய் சொல்லுங்க" என்றாள். தொரைக்குத் தெரிந்தால் வீடு போய்விடும் என்றேன். அவள் அழுதாள். நான் போகவில்லை. எனக்குப் பயம், அதைவிட வெட்கம். உனக்கு விஷயம் தெரியாது, உன் கைப்பிழை என்றே நீயும் நம்பிக்கொண்டிருக்கிறாய் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்போது ரிட்டயராகி, மாத்தளையில் வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இனி யாரும் என்னைப் பெட்டி கட்டச் சொல்ல முடியாது என்றான பிறகு எனக்கு உண்மை பேச வருகிறது. இப்படிப்பட்ட வீரன்தான் உன் அப்பன்.

கலேவெலையிலிருந்து வந்த மறுநாள் காலையிலேயே யட்டவத்தப் பாதைக்குப் போனேன். மனேஜர் எப்போதோ ரிட்டயராகிப் போய்விட்டாராம். காசிம் பாஸ் இருந்தார், தாடி வெள்ளையாகிவிட்டது. "வாங்க ஐயா. உங்கட கடிதம் வராததால இப்ப எங்களுக்குத் தேத்தண்ணி எறங்குறதே இல்ல" என்றார். வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனதை நின்றபடியே சொன்னேன்: "பாஸ், அந்த புஷ்ல பிழை இல்ல. நான்தான் சந்தனத்த வச்சு தொளைய அடைச்சேன்." அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அது தெரியும்தானே" என்றார்.

ஒரு பெட்டியில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "மகன் கொண்டாந்து வெட்டித் தொறந்தாரே, பட்டறையெல்லாம் கோயில் வாசம். தொளைக்குள்ள சந்தனம் கல்லு மாதிரி இறுகிப் போய் ஈந்திச்சு. எல்லாரும் சிரிச்சோம், அவர் மட்டும் சிரிக்கல்ல. மனேஜர் ஐயா உங்கட பைலை எடுத்து மேசையில போட்டு, இண்டைக்கு இந்த ஆளுக்கு நான் ஒரு கடிதம் எழுதுறேன் பாரு எண்டார். மகன் வேணாம் சேர், எண்ட பிழைண்டு எழுதுங்க எண்டார். தோட்டத்துக்கு ஒண்டு, யூனிவர்சிட்டிக்கு வேற ஒண்டு எழுத ஏலாது, உண்ட ரிப்போர்ட்டும் கெடும் எண்டு மனேஜர் சொன்னார். மகன் சரி எண்டார். இந்த மனுசனுக்காகவா எண்டு மனேஜர் பைலைத் தட்டிக் கேட்டார். அதுக்கு மகன், அவர் வேலை போனா என் தங்கச்சிங்க படிப்பு நிண்டுடும் சேர், எனக்கு மூணு மாசம்தானே எண்டார். வெளிய யாரும் வாய் தொறக்கப்படாதுண்டு எங்க எல்லாருக்கிட்டயும் வாக்கும் வாங்கினார். நாங்க தொறக்கல்ல ஐயா."

நான் அத்தனை வருஷம் திட்டித் தீர்த்த ஆட்கள், மகனே. அங்கே நின்ற ஒவ்வொருவனுக்கும் என்னைக் கவிழ்க்க ஒரு வார்த்தை போதும். ஒருவனும் சொல்லவில்லை. காசிம் பாஸ் தேநீர் கொண்டுவரச் சொன்னார், என்னால் குடிக்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை நீ "இல்லப்பா" என்று சொன்னபோது உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு மணி நேரம் நின்று கேட்டாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஐந்தாவது நிமிஷத்தில் கத்தியிருப்பேன். உன்னை நினைத்து எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, உன் முகத்தைப் பார்க்கப் பயமாகவும் இருக்கிறது. இனி நீ யாருக்காகவும் இப்படிச் செய்யாதே. உன் மனைவியிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லிப் பழகு. அவள் உன்னைக் காப்பாற்ற வேண்டி வந்தால், தெரிந்துகொண்டாவது காப்பாற்றட்டும்.

டொக்டர் சர்டிபிகேட் ஒன்றும் எடுக்காதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் கலேவெலைக்குப் போகிறோம். இந்தக் கடிதத்தைக் கொண்டு வா. போஸ்ட் மாஸ்டர் முன்னால், அந்தப் பெண்ணும் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து உரக்க வாசி. நான் எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போக மாட்டேன். சந்தனம் வருகிற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காசிம் பாஸ் சொன்னதெல்லாம் வருகிற இடத்தில் நீ மெதுவாக அடுத்த பக்கத்தைப் புரட்டப் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும். புரட்டினால் நான் எழுந்து வந்து, காகிதத்தை உன் கையிலிருந்து வாங்கி, நானே வாசிப்பேன்.

அப்பா